டெனிஸ் கோர்ட்டில் நின்ற மான்

பங்குச் சுவாமி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். "ரெஜினாக்கா, நீங்கள் இனிப் பென்ஷன்காரிதானே. மானுகளோடை வேலை செய்த கதையை எழுதித் தாங்கோ. எங்கடை சனத்துக்கு ஊக்கமாய் இருக்கும்" என்றார். போன வருட மலரை எடுத்துப் பார்த்தேன். எழுதியிருந்த எல்லாரும் வெறுங்கையோடு பலெர்மோவுக்கு வந்து, கஷ்டப்பட்டு, இறைவன் கிருபையால் வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிப்பித்திருந்தார்கள். என்னிடம் அப்படிக் கதை இல்லை. இருப்பது மான் கதை. வடிவாக யோசித்தால் அதுவும் மான் கதை இல்லை. மான்களால் எனக்கு ஒரு நாளும் கரைச்சல் வந்ததில்லை.

சுவாமிக்கு முதலே இன்னொருவர் கேட்டுவிட்டார். நான் மான் பிடிக்கிற வேலை செய்த சங்கத்தின் பொறுப்பை இப்போது ஒரு கம்பனி எடுத்துவிட்டது. அவர்கள் மலைக்குப் போவதில்லை. ட்ரோன் பறக்கவிட்டு மேலேயிருந்து மான் எண்ணுகிறார்கள். மலையடிக் குடியிருப்பு ஆட்களின் போனுக்கு ஒரு செயலி கொடுத்திருக்கிறார்கள். மானைக் கண்டால் படம் எடுத்துப் போடலாம், விருப்பமென்றால் பக்கத்தில் ஒரு இதயமும் அமர்த்தலாம். எனக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் கடையில் பிரியாவிடைச் சாப்பாடு வைத்தார்கள். கம்பனியின் புது மனேஜர் தம்பி வீடியோ எடுக்கப் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ரெஜினா, இவ்வளவு வருசத்திலை மானுகள் உங்களுக்கு என்ன சொல்லித் தந்தவை? ஒரு வசனத்திலை."

"ஆக்களிட்டையிருந்து தள்ளி நிக்க" என்றேன்.

அவர் சிரித்தார். இன்னொருக்கால், கொஞ்சம் சிரித்த முகத்தோடு சொல்லச் சொன்னார். நான் தட்டில் இருந்த கணவாயைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஒரு வசனத்தில் சொல்ல ஏலாததை இங்கே எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் சுவாமியின் பாடு.

ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு மேலே, மலை தொடங்குகிற சரிவில், மதில் கட்டின ஒரு வில்லாக் குடியிருப்பு இருக்கிறது. நீச்சல் குளம், டெனிஸ் கோர்ட், கிளப் வீடு எல்லாம் உண்டு. அதற்குப் பின்னால் பைன் காடு. முந்தி அங்கே ஒரு பிரபு குடும்பத்தின் தோட்டத்தில் அழகுக்கு மான் வளர்த்தார்கள். ஒரு பெருமழைக்கு மதில் விழுந்தது. அதைக் கட்டுவது யார் என்று பேரப்பிள்ளைகள் வழக்குப் பேசி முடியுமுன் மான்கள் காட்டுக்குள் போய்விட்டன. இத்தாலியனில் டைனோ என்று சொல்லும் இனம். எங்கள் புள்ளிமான் போலத்தான், ஆனால் கிடாயின் கொம்பு விரித்த உள்ளங்கை மாதிரி அகலமாக இருக்கும். பலெர்மோ இருக்கிற இந்தத் தீவில் அதைப் பிடித்துத் தின்ன ஓநாய் இல்லை. பெட்டை மான் வருசம் ஒன்று போடும். கொஞ்சக் காலத்தில் காட்டில் புதிதாக ஒரு மரக்கன்றும் முளைக்கவில்லை, மான்கள் ரோஜாவைத் தேடிக் கீழே இறங்கின, கார்களில் அடிபட்டன.

நான் மன்னார்க்காரி. எங்கள் பட்டினத்தில் கழுதைகள் பஸ் நிலையத்தில் நிற்கும், தபால் கந்தோர் வாசலில் படுத்திருக்கும். அவற்றுக்கு ஒருவரும் பெயர் வைத்ததில்லை. மெழுகுதிரி கொளுத்தினதில்லை. கொல்லச் சொல்லிப் பெட்டிசம் எழுதினதுமில்லை. ஹோர்ன் அடித்து விலத்திப் போவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தக் குடியிருப்பு ஆட்களின் அன்பு கடைசிவரை விளங்கவில்லை. ஜனவரியில் மிஞ்சிய பனெத்தோனே என்ற நத்தார் கேக்கை மானுக்குக் கொடுப்பார்கள். ஏப்ரலில் அதே மான் ரோஜாத் தளிரைக் கடித்தால் பொலிசுக்குப் போன் அடிப்பார்கள்.

நான் அந்தக் குடியிருப்புக்கு முதலில் போனது வீட்டு வேலைக்கு. சிஞ்ஞோரா லொரெதானா என்ற அம்மாவின் வீட்டில் கூட்டித் துடைக்கிற வேலை. கணவர் இல்லை, பிள்ளைகள் மிலானில். கெட்ட மனிசி என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வருசத்தில் என்னிடம் அவர் கேட்ட கேள்வி, இஸ்திரி முடிந்ததா என்பது மட்டும்தான்.

ஒரு நாள் காலமை ஒரு பெட்டை மான் நீச்சல் குளத்துக்குள் விழுந்துவிட்டது. வழுக்குகிற ஓட்டில் ஏற ஏலாமல் சுற்றிச் சுற்றி நீந்தியது. குடியிருப்பே திரண்டு நின்று கத்தியது. ஒருவர் "இங்காலை வா, இங்காலை வா" என்று கை தட்டினார். இன்னொருவர் அதற்கு லைஃப் பாய் எறிந்தார். அது மானின் தலையில் பட்டது. அப்போது ஒரு பழைய பன்டா காரில் மிருக வைத்தியர் வந்து இறங்கினார். டொத்தோரேஸா அகதா, டாக்டரம்மா. கட்டையான உருவம், ஆம்பிளைச் சப்பாத்து. குளத்தைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார்.

"இஞ்சை வாயை மூடிக்கொண்டு நிக்கத் தெரிஞ்ச ஆரும் இருக்கினமோ?"

சிஞ்ஞோரா என்னைத் தள்ளிவிட்டார். "இவளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இவள் கதைக்கவே மாட்டாள்."

அப்படித்தான் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. நான் கதைக்காமல் இருந்தது ஒருவரும் என்னோடு கதைக்காதபடியால். அது ஒரு தகுதி என்று அன்றுதான் தெரிந்தது. டொத்தோரேஸா சொன்னபடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஏப்ரனைக் கழற்றி மானின் கண்ணை மூடினேன். அது உடனே அடங்கியது. இரண்டு பேருமாக அதைப் படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனோம். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மான் மறுபடி துள்ளி டொத்தோரேஸாவின் விலாவில் உதைத்தது. அவர் ஒரு சத்தமும் போடவில்லை. கரைக்கு வந்து மூச்சு வாங்கிவிட்டு, "நாளைக்கு என்னட்டை வேலைக்கு வாறீங்களோ?" என்று என்னைக் கேட்டார். அவர் 'லேய்' என்று மரியாதை போட்டுக் கேட்டதால், பின்னால் நிற்கிற ஆரையோ கேட்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

வேலை பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க மான் ஏற்றுகிற பெட்டி கழுவினேன், வலை பின்னினேன், புழுக்கையைப் பார்த்து எந்தப் பக்கம் போயிருக்கின்றன என்று சொல்லப் பழகினேன். அவ்வளவுதான்.

வேலை இப்படி. காட்டு ஓரத்தில் மரச்சட்டத்தால் ஒரு பட்டி அடிப்போம். உள்ளே கரூபா மரத்துக் காய் போடுவோம். புளியங்காய் மாதிரிக் கறுத்து, வாயில் வைத்தால் இனிக்கும். அதற்கு மான் உயிரை விடும். பல நாள் கதவைத் திறந்தே விடுவோம், வந்து தின்று போகட்டும் என்று. பயம் தெளிந்த பிறகுதான் கதவு விழும். விழுந்த பிறகு அவசரப்படக்கூடாது. ஓடவிட்டால் மானின் தசை உள்ளே வெந்துபோகும். அன்றைக்கு நல்லாய் நிற்கும், நாலாம் நாள் செத்துக் கிடக்கும். ஆனபடியால் கதைக்கக்கூடாது, வாசனை பூசக்கூடாது, சாவி கிலுங்கக்கூடாது. முதலில் கண்ணுக்குத் துணி. பிறகு காலுக்குக் கயிறு. பக்கவாட்டில் கிடத்தக்கூடாது, மாடு படுப்பது போல நெஞ்சில் படுக்கவைக்கவேண்டும், இல்லாவிட்டால் வயிறு ஊதிவிடும். காதில் அடையாளம் குத்தி, இருட்டுப் பெட்டியில் ஏற்றி, உள்நாட்டு மலைக்காட்டுக்கு அனுப்புவோம். அங்கேயும் இடம் இல்லை என்று சொல்லும் வருசங்களில், அனுமதி பெற்ற வேட்டைக்காரர் விடிய வந்து சுடுவார்கள். முதலில் பெட்டைகளைத்தான் சுடவேண்டும். கிடாயைச் சுட்டால் தொகை குறையாது. பெட்டையைச் சுடுவது பாவம், கிடாயைச் சுடுங்கோ என்று குடியிருப்புக் கமிட்டி வருசா வருசம் எழுதி அனுப்பும்.

டொத்தோரேஸா அந்தக் கடிதங்களை வாசிப்பார். முழுக்க வாசிப்பார். அதுதான் அவருடைய குணம். ஆர் என்ன மடைத்தனம் கதைத்தாலும் தலையை ஒரு பக்கம் சரித்து, நடுவில் வெட்டாமல் கேட்பார். கேட்டு முடித்து ஒரேயொரு கேள்வி கேட்பார். அதோடு எதிராளி காரைத் தேடிப் போய்விடுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. மாசி, பங்குனியில் காரில் எந்த நேரமும் சியாகுல்லி மண்டரின் தோடம்பழம் இருக்கும். உரித்துப் பாதி எனக்குத் தருவார், தோலைத் தன் கோட்டுப் பையில் போடுவார். மானுக்குப் பெயர் வைக்க விடமாட்டார். "பெயர் வைச்சால் கூப்பிடுவியள். கூப்பிட்டால் வரும். வந்தால் செத்துப்போகும்" என்று ஒருமுறை வேலைக்குப் புதிதாக வந்த பெண் பிள்ளைகளுக்குச் சொன்னார். என்னுடைய ஏளனம் முழுக்க என்னுடையது என்று நினைக்கவேண்டாம். பாதி அவரிடம் பொறுக்கினது.

சுடுகிற வருசங்களில் கமிட்டி வாசலில் மெழுகுதிரி கொளுத்தி நிற்கும். கமிட்டித் தலைவர் ஒரு வக்கீல். அவ்வொக்காத்தோ என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். ஒரு முறை கண்ணீர் வழிய மெழுகுதிரி பிடித்து நின்றவர், நத்தாருக்குக் கிட்ட என்னைக் கார் நிறுத்தும் இடத்தில் மறித்தார்.

"ரெஜினா, அந்த இறைச்சி எங்கை போகுது?"

"பரிசோதிச்சு, ஏழையளுக்குச் சமைக்கிற மடத்துக்குப் போகுது, அவ்வொக்காத்தோ."

"ஒரு தொடை... எலும்போடை எண்டாலும் பரவாயில்லை."

நான் டொத்தோரேஸாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மடத்திலை மத்தியானம் பன்னிரண்டுக்கு வரிசை தொடங்கும், அதிலை வந்து நிக்கச் சொல்லுங்கோ" என்றார். நான் போய் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு அந்த மனிசன் எனக்குத் தலையாட்டுவதில்லை.

இனிப் பெரிய கதைக்கு வாறன்.

ஒரு ஆனி மாதம் சிஞ்ஞோரா லொரெதானா நடக்கப் போன இடத்தில், பற்றைக்குள் ஒரு மான் குட்டி தனியே படுத்திருப்பதைக் கண்டார். மான் அப்படித்தான் குட்டியை ஒளித்துவிட்டு மேயப் போகும். பிறகு வந்து பால் கொடுக்கும். சிஞ்ஞோரா அதைத் தாய் கைவிட்ட அநாதை என்று முடிவு கட்டி, சால்வையில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்களுக்குச் செய்தி வந்து நாங்கள் போனபோது ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. குட்டி சோபாவில் படுத்திருந்தது. பெயரும் வைத்தாயிற்று. பிரிஞ்சிப்பே, இளவரசன்.

டொத்தோரேஸா குட்டியைத் தூக்கிப் பார்த்தார். கிடாய்.

"சிஞ்ஞோரா, நீங்கள் இதைச் சாகடிச்சுப்போட்டியள். ஆனால் இது சாகக் கொஞ்ச வருசம் செல்லும்."

"என்ன கதை இது? நான் காப்பாத்தியிருக்கிறன்."

"மனிசரோடை வளர்ந்த கிடாய்க்கு மனிசரும் மான்தான். கொம்பு முளைச்ச பிறகு, பருவ காலத்திலை உங்களோடை சண்டைக்கு வரும். இப்ப எண்டாலும் தாங்கோ. வேலி போட்ட இடம் ஒண்டு தேடிப் பாப்பம்."

சிஞ்ஞோரா தரவில்லை. வக்கீல் வந்து, குட்டி தனியார் காணியில் நிற்கிறது என்று சட்டம் சொன்னார். மேலிடத்தில் ஒருவருக்குப் போன் போட்டார். மேலிடம் எங்களுக்குப் போன் போட்டது. விட்டுவிட்டு வந்தோம்.

பிரிஞ்சிப்பே வளர்ந்தான். குடியிருப்புக்கே செல்லப்பிள்ளை. கல்யாணப் படங்களில் நின்றான். வக்கீல் கையால் பிரியோஷ் பணிஸ் தின்றான். ஆனால் முன் வாசல் ரோஜாக்களையும் தின்றான். அதற்குக் கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. அவனுடைய தீனித் தொட்டியைப் பின் பக்கம், வேலைக்காரர் வந்துபோகிற ஒழுங்கையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்த ஒழுங்கையால்தான் தேவி தினமும் போவாள். மொரீஷியஸ்காரி, தமிழ் வம்சம். அவளுக்குத் தமிழில் தெரிந்தது அரோகராவும் அக்காவும் மட்டும். மற்றதெல்லாம் இத்தாலியனில்தான் கதைப்போம். நானும் அவளும் வருசக் கணக்காக ஒரே பஸ். வக்கீலின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வேலை செய்தாள். பிரிஞ்சிப்பேக்குக் கொம்பு விரிந்தபின், பருவ காலமான ஒக்டோபரில் ஒரு காலமை, கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி ஒழுங்கையால் ஏறிப் போயிருக்கிறாள். பிரிஞ்சிப்பே தொட்டிக்குப் பக்கத்தில் றோஸ்மேரி வேலியில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். தினமும் பார்க்கிற மான்தானே, விலத்தும் என்று நடந்திருக்கிறாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். கொம்பின் ஒரு முனை தொடைக்குள் இறங்கியது. கட்டை மதிலுக்கு மேலால் எறிபட்டுக் கல்லு வாய்க்காலுக்குள் விழுந்ததில் மணிக்கட்டும் முறிந்தது. குப்பை லொறிக்காரர் ஹோர்ன் அடித்து அவனைக் கலைத்து, அவளைத் தூக்கி எடுத்தார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஒழுங்கையில் ஒரு சப்பாத்தும், திறந்துபோன சாப்பாட்டுப் பெட்டியும் கிடந்தன. சோறு சிதறியிருந்தது. சிஞ்ஞோரா லொரெதானா அதைக் காட்டினார்.

"பாத்தீங்களோ, சாப்பாடு கொண்டு வந்திருக்கிறாள். மணத்துக்கு வந்திருக்கிறான், பாவம். பயந்துபோய் நிக்கிறான்."

'பாவம்' மானுக்குத்தான் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்கிடையில் டொத்தோரேஸா கரூபாக் காயைக் காட்டிக் காட்டி அவனை டெனிஸ் கோர்ட்டுக்குள் விட்டு, கதவைப் பூட்டிவிட்டார். உயரக் கம்பி வலை அடித்த இடம் அங்கே அது ஒன்றுதான்.

கொல்லவேண்டும் என்பதில் டொத்தோரேஸாவுக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. மலைக்கு அனுப்பினால் அங்கேயும் ஆட்களைத் தேடித்தான் போவான். கொல்லச் சொல்லிக் கட்டளையும் வந்தது. அடுத்த நாளே அதை நிறுத்திவைக்கச் சொல்லி இன்னொரு கட்டளை வந்தது. வக்கீலின் வேலை. வாசலில் மெழுகுதிரிகள். வெளியூரில் ஒரு சரணாலயம் எடுக்கும் என்றார்கள். அந்தச் சரணாலயம் போனைத் தூக்கவே இல்லை.

சிஞ்ஞோரா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். முதல் முறையாகக் கதிரை காட்டி இருக்கச் சொன்னார்.

"ரெஜினா, நீ அந்தப் பெட்டையோடை கதை. குடையை விரிச்சுப் பயப்படுத்தினவள் எண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கடை மொழியிலை வடிவாய்ச் சொல்லு."

"எங்கடை மொழியிலை அவளுக்கு அரோகரா மட்டும்தான் தெரியும், சிஞ்ஞோரா. அண்டைக்கு மழையும் இல்லை."

ஆஸ்பத்திரியில் தேவியிடம் இதைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, தொடை நொந்ததில் அடக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள், தன்னுடைய சிஞ்ஞோராவும் போன் எடுத்தவவாம். சுகம் கேட்கவில்லை. கமிட்டிக்கு விரோதமாகக் கதைத்தால் திரும்ப வேலைக்கு எடுக்க ஏலாது என்று சொல்ல. தேவியின் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதி, புதுப்பிக்கிற மாதம் வந்துகொண்டிருந்தது. வேலை இல்லாவிட்டால் விசா இல்லை. கமிட்டிக் கூட்டம் வரப்போகிறது, நீ அந்தப் பக்கம் தலை காட்டாதே என்று நான்தான் புத்தி சொன்னேன். ஓம் என்றாள்.

கூட்டம் கிளப் வீட்டில். மேசையில் ஒலிவ் காய், கிளாசுகள். நகர சபையிலிருந்து அசெஸோரே என்கிற பொறுப்பாளர் ஒருவரும் வந்திருந்தார். வக்கீல் எழும்பி, மனிதரும் இயற்கையும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி வெகுநேரம் கதைத்தார். கடைசியில் ஒரு யோசனை வைத்தார். வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாருக்கும் கமிட்டி செலவில் ஆளுக்கொரு விசிலும், செம்மஞ்சள் நிற உடுப்பும் கொடுப்பது. ஒழுங்கையால் நடக்கும்போது ஊதிக்கொண்டு நடந்தால் மான் விலகிவிடும். ஆட்கள் தலையாட்டினார்கள். ஒருவர் விசிலின் நிறத்தைப் பற்றிக் கேட்டார். நான் டொத்தோரேஸாவைப் பார்த்தேன். அவர் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்:

"தொட்டியை ஒழுங்கையிலை ஆர் வைச்சது?"

வக்கீல் ஒரு ஒலிவ் காயை எடுத்தார். அப்போது பின் கதவு திறந்தது. தேவி. கையில் கட்டு, மற்றக் கையில் பொல்லு. டாக்சி பிடித்துத் தனியே வந்திருந்தாள். இருக்கச் சொல்லி ஒருவரும் எழும்பவில்லை. நான் என் கதிரையைக் கொடுத்தேன். அவள் இருக்கவில்லை.

"முன் வாசலாலை எங்களை வரவேண்டாம் எண்டு சொன்னது நீங்கள்" என்றாள். "பின் ஒழுங்கையாலை வந்தம். பிறகு அதிலை மானைக் கொண்டுவந்து விட்டீங்கள், ரோஜா பழுதாகும் எண்டு. நான் குடை விரிக்கேல்லை. நான் அதைப் பாக்கவும் இல்லை, கீழை பாத்து நடந்தனான். எனக்கு வேலை தரமாட்டீங்கள், தெரியும். மற்றப் பிள்ளையளுக்கு விசில் குடுக்காதேங்கோ. எனக்குக் கேக்க வெக்கமாய்க் கிடக்கு."

அசெஸோரே தன் போனைப் பார்த்தார். குப்பை லொறிக்காரர் நடந்ததைப் பொலிசிலும் சொல்லியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். நிறுத்திவைக்கச் சொன்ன கட்டளை அடுத்த நாள் பின்னேரமே நீக்கப்பட்டது. தேவி கதைத்தபடியால் அந்தச் சனத்துக்கு வெட்கம் வந்துவிட்டது என்று நான் எழுத விரும்புகிறேன், ஆனால் பொய் எழுத ஏலாது. டெனிஸ் ஆடுகிறவர்கள்தான் முதலில் மனம் மாறியவர்கள். பத்து நாளாக கோர்ட் இல்லை என்று அவர்கள் வக்கீலோடு முறுகத் தொடங்கியிருந்தார்கள்.

கட்டளை திரும்பி வந்ததற்கு மறுநாள் விடிய நாங்கள் போனோம். ஆட்கள் எழும்ப முன் முடிக்கவேண்டும் என்று டொத்தோரேஸா நினைத்தார். கோர்ட்டுக்குக் கிட்டப் போனபோது, "ரெஜினா! ரெஜினா!" என்று மேலேயிருந்து மெல்லிய சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். நடுவர் இருக்கிற உயரக் கதிரையில், இரவு உடுப்புக்கு மேல் உரோமக் கோட்டோடு சிஞ்ஞோரா லொரெதானா இருந்தார். ஒரு காலில் சப்பாத்து இல்லை. கோட்டின் கரை கிழிந்து தொங்கியது. கீழே பிரிஞ்சிப்பே, கழுத்து வீங்கி, கதிரைக் காலில் கொம்பை மோதிக்கொண்டு நின்றான்.

கதவைத் திறந்து அவனைக் காட்டுக்கு விட வந்தவவாம். பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவன் வந்தான்.

"விளையாடுறான்" என்றார் சிஞ்ஞோரா. "வேறை ஒண்டும் இல்லை. விளையாடுறான்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. டொத்தோரேஸா சிரிக்கவில்லை. துவக்கில் மருந்து ஊசியைப் போட்டு, வலைக்கு வெளியே நின்று பின் தொடையில் அடித்தார். பிறகு காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் அசையக்கூடாது. மான் கொஞ்சம் தள்ளாடி முழங்காலில் மடங்கும். சிஞ்ஞோரா மேலேயிருந்து "பிரிஞ்சிப்பே, என்ரை குஞ்சு" என்று கூப்பிடுவார். அது காதை நிமிர்த்தி மறுபடி எழும்பும். இப்படி இரண்டு மூன்று முறை.

"சிஞ்ஞோரா" என்றார் டொத்தோரேஸா. "கூப்பிடாதேங்கோ. நீங்கள் கூப்பிட்டால் அவன் படுக்கமாட்டான்."

சிஞ்ஞோரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவன் படுத்தான். நான் உள்ளே போய்க் கண்ணை மூடினேன். நெஞ்சில் சரியாகப் படுக்கவைத்தேன். சாகப்போகிற மிருகத்துக்கு அது தேவையில்லைதான், கை பழகிவிட்டது. சிஞ்ஞோரா இறங்கி வந்தார். ஒற்றைச் சப்பாத்தோடு நின்று, தான் பிடிக்கலாமோ என்று கேட்டார்.

"பிடியுங்கோ" என்றார் டொத்தோரேஸா. "கதைக்கக்கூடாது."

சிஞ்ஞோரா நிலத்தில் இருந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது ஊசி போட்டு அவன் மூச்சு நிற்கும்வரை ஒரு சத்தமும் போடவில்லை. அந்தக் குடியிருப்பில் ஒருவர் அவ்வளவு நேரம் வாயை மூடி இருந்ததை அன்றுதான் கண்டேன். அவருக்காக எனக்கு மனம் இளகியது. மறைக்கவில்லை.

அது பின்னேரம்வரைதான் நீடித்தது. பின்னேரம் கோர்ட்டைக் கழுவி டெனிஸ் தொடங்கிவிட்டார்கள். கிழமை முடிய சிஞ்ஞோரா ஒரு பத்திரிகைக்காரரிடம், நாங்கள் துவக்கோடு வந்து மிரட்டியதால்தான் மான் வெறிகொண்டது என்று சொன்னார். முன் வாசலில் பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு மான் சிலை வைத்தார்கள், உண்மையான அளவில், ரோஜாக்களுக்கு நடுவே. விசில்கள் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்று எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தார்கள். டொத்தோரேஸா இரண்டு வருசத்தில் வேலையை விட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். நான் பிறகும் கனகாலம் மான் பிடித்தேன். மலையில் இப்போதும் மான்கள் நிற்கின்றன. மனிசரைக் கண்டால் ஓடுகிற நல்ல மான்கள். ட்ரோனுக்குக் கூட முகம் காட்டாதாம், மனேஜர் தம்பிக்கு அது பெரிய கவலை.

தேவிக்கு அந்த வேலை போனது. பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு அலைந்து அலைந்து, கடைசியில் அவளுடைய மச்சாள் மூலம் பொலிதேயாமாவில் ஒரு கந்தோர் துப்புரவு வேலை கிடைத்தது. அதற்குப் பிறகுதான் விசா சரிவந்தது. கால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். இரண்டு பேருக்கும் பஸ் வேறாகிவிட்டது, நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள்தான் அவளைத் திரும்பப் பஸ்ஸில் கண்டேன். அந்த மானை என்ன செய்தீர்கள் என்று அன்றுதான் கேட்டாள். அதுவரை ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னேன், கதிரையில் ஏறியிருந்தது, ஒற்றைச் சப்பாத்து, எல்லாம். நன்றாகச் சிரித்தாள். மடியில் தலையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

"சாகும்வரை பிடிச்சுக்கொண்டு இருந்தவவோ?"

"ஓம்."

ரோட்டைப் பார்த்தாள். கோபமாய்ச் சொல்லவில்லை, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

"நான் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை நீ வந்தாய், அக்கா. குப்பை லொறிக்காரர் வந்தவர். மேலை குடியிருப்பிலையிருந்து ஒருத்தரும் வரேல்லை."

பொலிதேயாமா வரப்போகிறது என்று அவள் எழும்பி, பொத்தானை அமர்த்தினாள்.